காகிதம் சுற்றாத போண்டா

இளங்கோ அன்று காலை கொண்டுவந்த போண்டா எவர்சில்வர் தூக்கில் இருந்தது. மூடியைத் திறந்ததும் ஆவியோடு இஞ்சி வாசமும் கறிவேப்பிலை வாசமும் வந்தன. சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையின் செங்கல் சுவர் நிழலில் உட்கார்ந்திருந்த எங்கள் சினிமா யூனிட்டுக்கு அவனே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான்.

"சூடா கீது, பாத்துத் துன்னுங்க" என்றான்.

எல்லோரும் போண்டாவைப் பார்த்தார்கள். நான் தூக்கைப் பார்த்தேன். டீக்கடைப் போண்டா என்றால் காகிதத்தில் சுற்றித்தானே வரும்? முதல் நாள் அப்படித்தான் வந்தது. அடுத்த நாளிலிருந்து தூக்கு. ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

எனக்கு இதில் தனிக் கோபமும் உண்டு. போண்டா சுற்றிய காகிதத்தைப் படிக்காமல் நான் எறிந்ததே கிடையாது. பாதிக் கதை, யாருடைய விடைத்தாளோ, கல்யாண மண்டப பில், எதுவானாலும் சரி. எண்ணெயில் எழுத்து பளபளவென்று தெரியும்போது படிக்க ஒரு சுகம். அது போயிற்றே என்று இருந்தது.

நோட்டை எடுத்து எழுதினேன்: "இளங்கோ. போண்டா. காகிதம் இல்லை. ஏன்?"

சிரிக்காதீர்கள். அந்தக் கேள்வியை மட்டும் நான் ஒழுங்காக விசாரித்திருந்தால் ஒரு மனிதனின் பெயர் கெட்டிருக்காது.

சந்தேகம்தான் சம்பளம்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் சினிமாவில் கன்டினியூட்டி பார்க்கிறவள். ஒரு காட்சியைப் பத்துத் துண்டாக, பத்து வேளையில் எடுப்பார்கள். முதல் துண்டில் கதாநாயகனின் மேல் பொத்தான் திறந்திருந்தால் பத்தாவது துண்டிலும் திறந்திருக்க வேண்டும். டம்ளரில் பாதித் தண்ணீர் என்றால் கடைசி வரை பாதித் தண்ணீர். இதையெல்லாம் நோட்டில் எழுதிவைத்து, மாறினால் கத்துவது என் வேலை. எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அதற்கு முன்பு செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பரீட்சை ஹாலில் நான் நுழைந்தால் பெஞ்சுகள் நிமிர்ந்து உட்காரும். ஒரு தடவை ஒரு பெண் நிமிடத்துக்கு ஒரு முறை தாவணி முனையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிட் என்று எழுப்பி நிற்க வைத்தேன். அவள் அழுதுகொண்டே முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே அவள் அம்மா முடிந்து கொடுத்த திருநீறு. அந்தப் பெண்ணிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. "சரி, உட்கார்ந்து எழுது" என்று மட்டும் சொன்னேன். அதிலிருந்தும் நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பது இதைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

போன வாரம் எழுதிய கைக்கட்டு விவகாரம் நினைவிருக்கும். கதாநாயகனின் இடது கையில் இருந்த கட்டு அடுத்த காட்சியில் வலது கைக்குத் தாவிவிட்டது. ஊரே கைப்பேசியில் அதைப் போட்டுச் சிரித்தது. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் என்னை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. படூரில் தங்கையின் ஃபிளாட்டில், அவள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு கிடந்தேன்.

அப்போதுதான் ரகு கூப்பிட்டான்.

நான்கு இத்தாலியர்கள்

ரகு என் பழைய மாணவன். கணக்கில் மோசம், கட்டுரையில் கெட்டி. நியூ ஜெர்சியில் பத்து வருடம் வேலை பார்த்தான். அவன் குடியிருந்தது ஒரு சலூனுக்கு மேல் மாடியில். அந்தத் தெரு முழுக்க இத்தாலியிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் வந்த குடும்பங்கள். சலூன்காரர் முடி வெட்டிக்கொண்டே சொன்ன கதைதான் அவன் இயக்கிய படம்.

நான்கு இளைஞர்கள். ஒரே தெரு, ஒரே சர்ச். சின்னத் திருட்டில் ஆரம்பித்துப் பெரிய திருட்டுக்குப் போகிறார்கள். போலீஸ் ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே வந்து நிற்கிறது. தங்களில் ஒருவன்தான் சொல்கிறான் என்று மற்ற மூவரும் சந்தேகப்பட்டு ஜீனோ என்பவனைக் கொன்றுவிடுகிறார்கள். பிறகுதான் தெரிகிறது, சொன்னது அவன் இல்லை.

"இதை நம்ம ஊர்க் கதையா மாத்திடேன்டா, வடசென்னைன்னு வெச்சுக்கோ" என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் மசியவில்லை.

"மாத்தவே வேணாம் டீச்சர். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் வரலைன்னு முப்பது வருஷம் ஞாபகம் வெச்சிருக்காங்க. அம்மா கையால சாப்பிட்டுத்தான் தப்பு பண்ணவே கிளம்புறாங்க. அது செங்கல்பட்டுதான். பேருதான் வேற" என்றான்.

நியூ ஜெர்சி நண்பர்கள் சேர்ந்து தயாரித்தார்கள். ஆங்கிலத்தில் எடுத்துத் தமிழிலும் டப்பிங் செய்வதாகத் திட்டம். படூரில் ஒரு காலிக் கிடங்குக்குள் நியூ ஜெர்சித் தெரு எழும்பியது. நான்கு இத்தாலிய அமெரிக்கர்களில் ஒருவன்கூட இத்தாலிய அமெரிக்கன் இல்லை. ஒருவன் புதுச்சேரிக்காரன். ஒருவன் பக்கத்துக் கல்லூரியில் படிக்கும் காஷ்மீரி. ஒருவன் கோவளத்தில் அலைச்சறுக்குக் கற்றுக்கொள்ள வந்த ரஷ்யன். ஜீனோவாக நடித்த மத்தேயோ அர்ஜென்டினாக்காரன், மாமல்லபுரத்தில் ஒரு பட்டறையில் கல் செதுக்கக் கற்றுக்கொண்டிருந்தவன். அவன் நகக்கண்ணில் எப்போதும் கல்தூசி இருக்கும். அதையும் நோட்டில் எழுதிவைத்திருந்தேன்.

நான்கு பேருக்கும் கம்பளிக் கோட்டு. வெளியே நம் வெயில். கோட்டின் அக்குளில் வியர்வை படரும் வடிவத்துக்குக்கூட நான் படம் வரைந்து வைத்தேன். சாப்பாட்டுக் காட்சிக்கு வாங்கிய ஸ்பகெட்டி விளக்குச் சூட்டில் கயிறாக முறுக்கிக்கொண்டது. கடைசியில் இடியாப்பத்தைத் தக்காளித் தொக்கில் புரட்டித் தட்டில் வைத்தோம். மத்தேயோ பதினோரு டேக் அதை முள்கரண்டியில் சுற்றிச் சாப்பிட்டான். பிறகு மீதியையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். படம் பார்த்த யாருக்கும் அது இடியாப்பம் என்று தெரியவில்லை. இப்போது தெரிந்துவிட்டது.

எலியா, ஆள்காட்டியா?

வெளிப்புறக் காட்சிகள் சதுரங்கப்பட்டினத்தில். கோட்டைச் செங்கல் சுவரை ஒரு கோணத்தில் பார்த்தால் அசல் நியூ ஜெர்சிச் சந்து. அங்கே எங்களுக்கு எல்லாம் பார்த்துக்கொண்டவன் இளங்கோ. முப்பது வயது இருக்கும். மீனவக் குப்பத்துக்காரன். எந்த நேரத்தில் எங்கே கூட்டம் இருக்காது, எந்தப் படகை நகர்த்த யாரைக் கேட்க வேண்டும் என்று அவனுக்குத்தான் தெரியும். சும்மா இருக்கும் நேரத்தில் ரகுவின் தோளுக்குப் பின்னால் நின்று மானிட்டரைப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

அவன் ஆர்வத்தைப் பார்த்த ரகு ஒரு நாள், "டைட்டில்ல உதவி இயக்குநர்னு உன் பேரைப் போடுறேன்டா" என்றான். அன்று சாயங்காலத்துக்குள் குப்பம் முழுக்கச் செய்தி போய்விட்டது. மறுநாள் அவன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான்.

டப்பிங்குக்கான தமிழ் வசனத்தை மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். போலீசுக்குத் துப்புக் கொடுக்கிறவனை அந்தத் தெருவில் 'எலி' என்பார்களாம். ரகு அப்படியே எழுதியிருந்தான். "ஜீனோ, நீ ஒரு எலி!"

இளங்கோவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எலின்னா இன்னா சார், ஸ்கூல் டிராமாவா? ஆள்காட்டின்னு போடுங்க."

"ஆள்காட்டியா?"

"அதோ கத்திகினு கீதே, அந்தக் குருவிதான். கழி ஓரமா எவன் போனாலும் ஊரக் கூட்டிரும். எங்கூர்ல போட்டுக் குடுக்கறவனுக்கு அதான் பேரு. அந்தப் பேரு வந்துச்சுன்னா அவ்ளோதான் சார். வலை இழுக்கக்கூட கூப்பிட மாட்டானுங்க."

ரகு துள்ளிவிட்டான். எலியை அடித்துவிட்டு 'ஆள்காட்டி' என்று எழுதினான். சொல்லைக் கொடுத்தது இளங்கோ. அதை யார் தலையில் கட்டினோம் என்பதுதான் இந்த அத்தியாயம்.

மூன்று ஜீப்

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கிடங்குக்கும் ஒரு விடுதிக்கும் மட்டும்தான் அனுமதி இருந்தது. கோட்டை, கழிமுகம், கடற்கரை எல்லாம் திருட்டு ஷாட். காலையிலேயே போய், கிடைத்ததை எடுத்துக்கொண்டு, யாரும் கேட்பதற்குள் கிளம்பிவிடுவோம். தப்பு எங்களுடையதுதான்.

கோட்டைச் சுவரில் முதல் ஷாட் வைத்த நாள். ஒன்பது மணிக்குத் தாலுகா ஆபீஸ் ஜீப் வந்து நின்றது. அதிகாரி இறங்கி, "அனுமதிக் கடிதம்?" என்றார். மூட்டை கட்டினோம்.

தற்செயல் என்று நினைத்தோம். மூன்று நாள் கழித்துக் கழிமுகத்தில் கேமராவை வைத்தால் அங்கேயும் அதே ஜீப். அடுத்த வாரம் படகுகளுக்கு நடுவே. அதிகாரி எங்களைத் தேடவே இல்லை. நேரே வந்தார். எந்த இடம், எத்தனை மணி என்று தெரிந்து வந்தார்.

"இன்னொரு தடவை பிடிச்சா கேமராவை எடுத்துட்டுப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். படம் அங்கேயே நின்றுபோகும் நிலை.

அன்றிலிருந்து யூனிட்டில் யாரும் யாரோடும் நிம்மதியாகப் பேசவில்லை. ரஷ்யன் கைப்பேசியை எடுத்தால் புதுச்சேரிக்காரன் எட்டிப் பார்த்தான். கேமராக்காரர் தன் உதவியாளனை மாற்றினார். ரகு சாப்பிடும்போதுகூட முகங்களை எண்ணினான். படத்தில் அந்த நான்கு பேர் செய்ததை நாங்கள் இருபது பேராகச் செய்துகொண்டிருந்தோம்.

எனக்கோ இது பழகிய மைதானம். நோட்டைத் திறந்தேன்.

நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். யூனிட் பிரின்டர் உப்புக் காற்றில் முதல் வாரமே செத்துவிட்டது. தினமும் சாயங்காலம் நான் என் கன்டினியூட்டி குறிப்பையும் மறுநாள் வேலைத் திட்டத்தையும் கையால் எழுதி, கடைத்தெருவில் இருந்த ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுப்பேன். டீச்சர் புத்தி. ஒரு வரி மங்கினாலும் தள்ளிவிட்டு மறுபடி எடுக்கச் சொல்வேன். தினம் நாலைந்து தாள் கழியும். கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டே அவற்றை ஓரமாக அடுக்குவார்.

எங்கே போனே?

குறிப்புகளைப் புரட்டியதில் ஒன்று கண்ணில் பட்டது. ஜீப் வந்த மூன்று நாளும் காலை ஏழிலிருந்து எட்டு வரை இளங்கோ எங்களோடு இல்லை.

ஒரு நாள் அவன் தூக்கோடு வரும்போதே பிடித்துக்கொண்டேன். "எங்கப்பா போனே?"

"எங்கூர்ல அப்டி கேக்க மாட்டாங்கக்கா. எங்க போறே, எங்க போனேன்னு கேட்டா போன காரியம் விளங்காது" என்று சிரித்தான்.

கடலுக்குக் கிளம்புகிறவனிடம் அப்படிக் கேட்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். இவன் கடலுக்கா போனான்? எழுதிக்கொண்டேன்.

இன்னொரு சாயங்காலம் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றான். தயங்கித் தயங்கி, "யக்கா, வேணாத பேப்பர கிழிச்சுப் போட்ருங்கக்கா" என்றான்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "என் பேப்பரை எப்படி வெச்சுக்கணும்னு நீ எனக்குச் சொல்லித் தராதே. முப்பது வருஷமா எழுதுறேன், என் தாள் ஒண்ணு தப்பான கைக்குப் போனதில்லை" என்றேன். தெருவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். என் தாள்களின் மேல் இவனுக்கு என்ன அக்கறை? அதையும் எழுதிக்கொண்டேன்.

மறுநாளே ஒரு முழுப் பக்கம் தயார் செய்தேன். இடது பக்கம் ஜீப் வந்த நாள். வலது பக்கம் இளங்கோ இல்லாத நேரம். கீழே கோடு போட்டு: "காட்டிக் கொடுப்பது இவன்தான் என்று தோன்றுகிறது." ரகுவுக்கு ஒன்று, தயாரிப்பு நிர்வாகிக்கு ஒன்று என்று அதே கடையில் பிரதி எடுத்தேன். முதல் இரண்டு மங்கல். தள்ளிவிட்டு வேறு இரண்டு வாங்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை, கோட்டைச் சுவருக்குப் பின்னால் எல்லோரையும் நிற்க வைத்து ரகு கேட்டான். கையில் என் பக்கம்.

"எங்கடா போற தினமும்?"

இளங்கோ தூக்கின் மூடியை அழுத்தி மூடினான்.

"ஜீப்பைக் கூப்பிட்டது நீதானே?"

"இல்ல சார்."

"அப்ப யாரு?"

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஒரு விநாடி இருக்கும். பிறகு என் கையில் இருந்த நோட்டைப் பார்த்தான். கை சட்டைப் பைக்குப் போயிற்று, எதையோ தொட்டுவிட்டு இறங்கிவிட்டது.

"தெரியாது சார்" என்றான்.

"போடா. இனிமே இந்தப் பக்கம் வராத. டைட்டில்லயும் உன் பேரு கிடையாது."

தூக்கைக் கீழே வைத்தான். அதில் எங்களுக்கான போண்டா அப்படியே இருந்தது. செங்கல் தூசியில் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்து போனான். நான் பெருமையாக நின்றேன். அதை மறைத்து எழுத மனம் வரவில்லை. கைக்கட்டு விவகாரத்துக்குப் பிறகு முதல் முறையாக என் நோட்டு ஜெயித்திருந்தது.

அந்தப் பார்வை

அன்று மதியம் கிடங்கில் ஜீனோ சாகிற காட்சி. கொல்லப்போகிறார்கள் என்று தெரிந்த நொடியில் ஜீனோ தன் நண்பனை ஒரு பார்வை பார்க்க வேண்டும். ஒரு வாரமாக மத்தேயோவுக்கு அது வரவில்லை. பயந்து பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான், முறைத்துப் பார்த்தான். ரகு தலையில் அடித்துக்கொண்டான்.

அன்று முதல் டேக்கிலேயே வந்துவிட்டது. பயமும் இல்லை, கோபமும் இல்லை. எதிரே நிற்கிறவனுக்காக வருத்தப்படுகிற மாதிரி ஒரு பார்வை. மைக் பிடித்திருந்தவர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கோட்டைக் கழற்றும்போது, எப்படி வந்தது என்று மத்தேயோவிடம் கேட்டேன்.

"காலையில் அந்த ஆள் உங்களைப் பார்த்தாரே, அதைத்தான் செய்தேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

அவனுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. முகத்தை மட்டும் பார்த்திருக்கிறான். எனக்கு எரிச்சலாக வந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவன் பார்வையில் இவனுக்கு என்ன கிடைத்தது, ஒரு வேளை இவனும் கூட்டோ என்று நினைத்தேன். அதற்குமேல் என் புத்தி போகவில்லை.

திருட்டு ஷாட்களை விட்டுவிட்டு, மிச்சக் காட்சிகளைக் கிடங்குக்குள்ளேயே எடுத்தோம். ஜீப் வரவில்லை. பார்த்தீர்களா, நான் சொன்னேனே என்று எல்லோரிடமும் சொன்னேன்.

கன்னியம்மா கடை

சில மாதம் கழிந்தது. டப்பிங் முடிந்து டைட்டிலும் போட்டாயிற்று. கல்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, சதுரங்கப்பட்டினம் கடைத்தெருவில் டீ குடிக்க இறங்கினேன். ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடைதான் கன்னியம்மாவுடையது. படப்பிடிப்பு நாள்களில் ஒரு தடவைகூட நான் அங்கே ஏறியதில்லை. போண்டாதான் தூக்கில் வந்துவிடுமே.

இரண்டு போண்டா கேட்டேன். காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். தின்றுவிட்டு, வழக்கம்போல் காகிதத்தைப் பிரித்தேன்.

என் கையெழுத்து.

"நாளை காலை 9. கழிமுகம், பனைமரத்துக்குக் கிழக்கே. நான்கு கோட்டு. கேமரா ஒன்று." எண்ணெய் பட்டு ஒவ்வொரு எழுத்தும் பளபளவென்று தெரிந்தது.

"இது எங்கேருந்துமா வந்துச்சு?" என்று கேட்டேன்.

"பக்கத்துக் கடைலேர்ந்துதான். சினிமாக்கார டீச்சரம்மா நல்லா இல்லன்னு தள்ளுன பேப்பராம். ஒரு கட்டு வந்துச்சு, அடியில கொஞ்சம் தங்கிப்போச்சு" என்றார் கன்னியம்மா. நான்தான் அந்த டீச்சரம்மா என்று அவருக்குத் தெரியவில்லை. "அப்போ இந்தப் பேப்பருக்கு இன்னா கிராக்கின்ற! ஆபீஸ் ஜீப்பு டிரைவரு அண்ணாத்த காலைல நாஸ்தாவுக்கு இங்கதான் வருவாரு. பேப்பர படிச்சிட்டுத்தான் போண்டாவே துன்னுவாரு. 'அட, இன்னிக்கு கழியாண்டயாம்'னு சிரிச்சிகினே போவாரு. இந்த இளங்கோப் பையன் வேற, அவரு வர்றதுக்குள்ள வந்து கட்டப் பிரிச்சுப் பொறுக்குவான். 'இந்தப் பேப்பர்ல சுத்தாத ஆயா, தூக்குல போடு'ன்னு ஒரே பேஜாரு."

டீ டம்ளரை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. என் தொழிலில் அப்படி நடக்கவே கூடாது.

சாலையோரமாக நின்று நோட்டை நினைவிலிருந்து புரட்டினேன். இளங்கோ காலையில் காணாமல் போனது மொத்தம் எட்டு நாள். ஜீப் வந்தது மூன்று நாள். அவன் போயும் ஜீப் வராத ஐந்து நாள்கள் என் நோட்டிலேயே இருந்தன. அந்தப் பக்கத்தில் நான் அவற்றை எழுதவில்லை. கணக்கு டீச்சர்!

எண்ணெய்க் கறை

மீன் இறக்கும் இடத்தில் இளங்கோவைக் கண்டுபிடித்தேன். செங்கல்பட்டுச் சந்தைக்கு மீன் ஏற்றும் குட்டி யானை வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தான். ஐஸ் பெட்டிகளை அவன் ஒருவனே ஏற்றினான். பக்கத்து வண்டிக்கு நாலு பேர் கை கொடுத்தார்கள். அவன் வண்டியின் பின்கதவுத் தூசியில் யாரோ விரலால் எழுதியிருந்தார்கள்: ஆள்காட்டி.

என்னைப் பார்த்ததும், "இன்னாக்கா, இம்மாந் தூரம்?" என்றான். அந்தக் குரலில் எந்த வித்தியாசமும் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

கையில் கசங்கிய போண்டாக் காகிதத்தை நீட்டினேன். அவன் பார்த்துவிட்டு, "இன்னும் கீதா அங்க? எல்லாத்தியும் பொறுக்கிட்டேன்னு நெனச்சேன். மூணு நாளு டிரைவரு எனக்கு முன்னாடி வந்துட்டாருக்கா" என்றான், ஏதோ அவன் செய்த தப்பு மாதிரி.

"ஏன்டா சொல்லலை? ரகு கேட்டானே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே!"

அவன் வண்டிக்குள் கையை விட்டு, கண்ணாடிக்கு மேல் செருகியிருந்த ஒரு தாளை எடுத்தான். நாலாக மடித்தது. நடுவில் வட்டமாக எண்ணெய்க் கறை. பிரித்தேன். இடது பக்கம் ஜீப் வந்த நாள். வலது பக்கம் இளங்கோ இல்லாத நேரம். "காட்டிக் கொடுப்பது இவன்தான் என்று தோன்றுகிறது."

மங்கல் என்று நான் தள்ளிய இரண்டில் ஒன்று.

"அன்னிக்குக் காலைல கட்டப் பிரிச்சா மேலயே இதான் இருந்துச்சு. படிச்சிட்டுத்தான் வந்தேன். இன்னொண்ணு அதுக்குள்ள எங்காளு எவன் போண்டாவோடயோ போய்ட்ச்சு. அதான் ஊர் ஃபுல்லா இந்தப் பேரு."

"தெரிஞ்சுமா வந்தே?"

"அதுக்கு முந்தின வாரம் நீங்க கோட்டச் சொவத்தாண்ட நின்னு ஃபோன்ல ஒங்க தங்கச்சிகிட்ட பேசிகினு இருந்தீங்க. 'இதுவும் போச்சுன்னா இனிமே என்னை எவனும் கூப்பிட மாட்டான்'னு அழுதீங்க. கேட்டுட்டேன்." அவன் ஐஸ் பெட்டியைத் தள்ளிச் சரிசெய்தான். "எனக்கு வண்டி கீது, கடலு கீது. ஒங்களுக்கு அந்த நோட்டு மட்டும்தான கீது?"

மீன் இறக்கும் இடத்தில், அத்தனை பேருக்கு நடுவில், நான் உரக்க அழுதேன். வெட்கமாகவே இல்லை.

ரகுவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நேரே குப்பத்துக்குப் போய் இளங்கோவின் கையைப் பிடித்துக்கொண்டான். ஆனால் டைட்டில் முடிந்து படம் வெளிநாட்டுக்குப் போய்விட்டது. இனி அதில் கை வைக்க முடியாது. படத்தில் என் பெயர் இருக்கிறது. நன்றாகப் பெரிதாக. அவன் பெயர் இல்லை.

இந்தத் தொடரில் இதை எழுதலாமா என்று போன மாதம் இளங்கோவிடம் கேட்டேன்.

"எழுதுங்கக்கா. எங்காளுங்க பொஸ்தகம்லாம் வாங்க மாட்டாங்க. ஆனா எப்டியும் கடசில கன்னியம்மா கடைக்குத்தான் வரும். அங்க வந்தா எல்லாரும் படிப்பாங்க" என்றான். பிறகு, "எம்பேர ஓரத்துல போடாதீங்க, மடிப்புல போய்டும். பெருசா, தனியா போடுங்க. எண்ணெ பட்டாலும் தெரியணும்" என்றான்.

பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். தனியாகப் போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

சதுரங்கப்பட்டினம் இளங்கோ, உதவி இயக்குநர், யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. ஆள்காட்டி நான்தான்.